நடக்காமல் போன வன்முறைக்கும் ஒரு பதிவேடு

2024 அக்டோபரில் திருச்சியில் சில பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. உடனே காவல் துறைக்குத் தகவல் போனது. மோப்ப நாயோடு வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள், தேடினார்கள், புரளி என்று அறிவித்தார்கள். முகம் தெரியாத யாரோ அனுப்பிய மிரட்டலுக்கு இவ்வளவும் நடப்பது சரிதான். அதே மாவட்டத்தில், துறையூரிலோ முசிறியிலோ உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்பு மாணவன் சக மாணவனைப் பார்த்து “சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வா, வெட்டுறேன்” என்று சொன்னால் என்ன நடக்கும்? வகுப்பாசிரியர் கண்டிப்பார். விஷயம் பெரிதானால் எச்.எம். அறைக்குப் போகும். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா” என்பார்கள். இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிப் பீரோவில் வைப்பார்கள். பையில் கத்தி இருந்து பிடிபட்டிருந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே இது எந்த அலுவலகத்துக்கும் தெரிய வேண்டியதில்லை. முகம் தெரிந்த மாணவன், பெயர் சொல்லி, இடமும் நேரமும் குறித்து விடுக்கும் மிரட்டலை, முகமற்ற மின்னஞ்சலைவிடக் குறைவாக மதிக்கும் நடைமுறை இது. கொலை மிரட்டலையும், ஆயுதம் பிடிபட்டதையும், கடைசி நிமிடத்தில் தடுக்கப்பட்ட தாக்குதலையும் பள்ளிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டபூர்வமாகவே விதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதே மாவட்டத்தில் உள்ள தொட்டியத்திலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் பாலசமுத்திரம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், சக மாணவர்களுடன் ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்டு இறந்தார். மாணவர்கள் பிடிக்கப்பட்டார்கள், பள்ளியின் ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்துடன் செய்தி முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை இறக்கி வெட்டினார்கள். அவர் விரல்களை இழந்தார். ஒரு கபடிப் போட்டியில் தொடங்கிய பகை அது என்று சொல்லப்பட்டது. மறு மாதமே பாளையங்கோட்டையில் தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்பறையில் ஒரு சிறுவன் பையிலிருந்து அரிவாளை எடுத்து வகுப்புத் தோழனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியையும் காயமடைந்தார். அதன் வேர், சுமார் ஒரு மாதத்துக்கு முந்தைய ஒரு பென்சில் தகராறு என்று காவல் துறை தரப்பில் கூறப்பட்டது. கபடிப் போட்டிக்கும் பேருந்துக்கும் நடுவில் சில நாட்கள் இருந்தன. பென்சிலுக்கும் அரிவாளுக்கும் நடுவில் ஒரு மாதம் இருந்தது. அந்த இடைவெளியில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்கும் ஏற்பாடே நம்மிடம் இல்லை. நமது நிர்வாகத்தின் கோப்பு ரத்தம் சிந்திய பிறகுதான் திறக்கிறது.

நாங்குநேரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே தகவல் பள்ளிக்கு வந்துசேர்ந்திருந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று ஆசிரியர்கள் கேட்டபோது, ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்துவதைச் சொன்னார், எழுதியும் கொடுத்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவே அந்த மாணவர்கள் அவரது வீட்டுக்கு அரிவாளோடு வந்தார்கள். அவரும், குறுக்கே விழுந்து தடுத்த தங்கையும் வெட்டப்பட்டார்கள். அப்போது வெளியான செய்திகள் சொன்ன வரிசை இதுதான். பள்ளி புகாரை வாங்கியது, தனக்குத் தெரிந்தபடி விசாரிக்க முற்பட்டது. அதைப் பழிப்பதற்கில்லை. புகார் கொடுத்தவருக்கு அன்று மாலை முதல் ஆபத்து கூடிவிட்டது என்பதை உணர்ந்து, இன்ன அலுவலரை இன்ன நேரத்துக்குள் அழைக்க வேண்டும் என்ற விதி எதுவும் அந்த ஆசிரியர்களின் கையில் இல்லை. மிரட்டல் பற்றிய தகவல் மிரட்டியவர்களின் காதுக்குப் போனது, காப்பாற்றக்கூடியவர்களின் காதுக்குப் போகவில்லை. பள்ளிக்குள் மட்டுமே சுற்றும் எந்தப் புகாருக்கும் இந்த ஆபத்து உண்டு.

பகை தொடங்குவதற்கும் வெடிப்பதற்கும் நடுவிலான இடைவெளியில் அது பிறருக்குத் தெரிந்திருக்கும் என்பது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் சீக்ரட் சர்வீஸ் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை அங்கே பள்ளிகளில் நடந்த 37 திட்டமிட்ட தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையில், பத்தில் எட்டு சம்பவங்களில் தாக்கியவரின் எண்ணமோ திட்டமோ முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சம வயது நண்பர்கள், வகுப்புத் தோழர்கள். அதே பிரிவு 2021இல் நேர்மாறான ஆய்வொன்றை வெளியிட்டது: நடக்காமல் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களை எடுத்துக்கொண்டு, அவை எப்படித் தடுக்கப்பட்டன என்று பார்த்தது. அங்கும் பதில் அதுவே. கேள்விப்பட்ட ஒரு மாணவர், பார்த்த ஒரு நண்பர் பெரியவர் ஒருவரிடம் வாய்திறந்தார். அந்தப் பெரியவர் அடுத்த அடியை எடுத்துவைத்தார். நம் ஊரில் துப்பாக்கி இல்லை, அமெரிக்காவின் நோய் வேறு என்று சொல்லலாம். ஆயுதம்தான் வேறு. பதினாறு வயதின் வாய் எங்கும் ஒன்றுதான். கோபத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறது. இன்ஸ்டாகிராமில் அரிவாளோடு படம் போடுகிறது. டியூஷனில், விடுதியில், மைதானத்தில் சொல்லிவைக்கிறது. ஆய்வுக்கு 67 திட்டங்கள் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தடுக்கப்பட்டவை எங்கோ எழுதிவைக்கப்பட்டிருந்தன. துறையூர் வட்டாரத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை கத்திகளை ஆசிரியர்கள் பையிலிருந்து எடுத்திருப்பார்கள், எத்தனை மோதல்களைப் பேருந்து நிலையத்துக்கே போய் விலக்கிவிட்டிருப்பார்கள் என்று கேட்டால் எந்த அலுவலகக் கோப்பிலிருந்தும் பதில் வராது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் நாடு முழுவதும் சிறார்கள் மீது பதிவான வழக்குகள் 30,555 என்கிறது. அது வழக்கானவற்றின் எண்ணிக்கை. ஆசிரியர்கள் திறமையாகத் தடுத்தவை அதில் வரவே வராது. உருப்படியாகச் செய்த வேலைக்கு நாட்டில் கணக்கே இல்லை என்பது ஒரு விசித்திரம்.

நடக்காததைத் தெரிவிக்கச் சொல்வது விபரீதமான கோரிக்கையாகத் தோன்றலாம். நமது சட்டங்களுக்கு அது பழக்கமானதுதான். துறையூரை அடுத்த முருங்கப்பட்டி வெடிமருந்து ஆலையில் 2016 டிசம்பர் 1 அன்று நடந்த வெடிப்பில் தொழிலாளர்கள் பலர் உடல்கூடக் கிடைக்காமல் மாண்டதை இவ்வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 வரை அத்தகைய ஆலைகளுக்குப் பொருந்திய தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஏ பிரிவு, குறிப்பிட்ட வகை ஆபத்தான நிகழ்வு ஏற்பட்டால், யாருக்கும் காயம் பட்டாலும் படாவிட்டாலும், மேலாளர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவு எல்லா ஆலைகளிலும் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா என்பது வேறு விஷயம். தப்பித்த விபத்திலிருந்துதான் அடுத்த விபத்தைத் தடுக்கக் கற்க முடியும் என்ற அறிவு அதில் இருந்தது. பள்ளிக்கே வருவோம். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தகவல் தர வேண்டும் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. நடந்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பொதுவான குற்ற நடைமுறைச் சட்டத்திலும், பழைய சட்டத்தின் 39ஆவது பிரிவாக இருந்து இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 33ஆவது பிரிவாகியிருக்கும் விதி, கொலை போன்ற குற்றங்களைச் செய்யும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதை அறிந்தவர்கூட உடனே தகவல் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. இதை அறிந்த தலைமையாசிரியர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பெருமையும் இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, ராகிங்கைத் தடை செய்து 1997இல் சட்டம் இயற்றினோம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரை அக்குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருத வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. ஒரு மாணவருக்கு அச்சத்தை ஏற்படுத்துவதே ராகிங்தான் என்றும் வரையறுத்தது. பிறகு 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் வந்தன. கல்லூரிகளில் மூத்த மாணவர்களின் அட்டகாசம் அடியோடு ஒழிந்துவிடவில்லை என்றாலும், “இதெல்லாம் சகஜம்” என்று முதல்வர்கள் சொல்லித் தப்பிக்க முடியாத நிலை உருவானது. கல்லூரிக்கு நாம் செய்ததைப் பள்ளிக்குச் செய்யவில்லை. செய்ய முற்பட்ட ஒருமுறையும் பின்வாங்கினோம். 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வித் துறை இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகள் கட்டிவரும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கும்படி மாவட்ட அதிகாரிகளுக்குச் சொன்னது. அரசியல் எதிர்ப்பு எழுந்ததும், அது தமக்குத் தெரியாமல் வெளியானது, பழைய நடைமுறையே தொடரும் என்றார் அன்றைய கல்வி அமைச்சர். கண்டறியச் சொன்னதையே பொறுக்க முடியாத அரசியல் இது. நான்கு ஆண்டுகள் கழித்து நாங்குநேரி நடந்தது. நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். கயிறுகளைத் தடை செய்வதும், ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலரை நியமிப்பதும் அதன் பரிந்துரைகளில் இருக்கின்றன. தகவல் தெரிவிக்கும் கடமை நிற்பதற்குரிய தூண் அந்த நல அலுவலர் பதவிதான்.

பள்ளிகள் ஏன் மறைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் கட்டாயம் என்ற சொல்லை மட்டும் சட்டத்தில் எழுதினால் பயன் இருக்காது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் நிலையில் இருந்து பாருங்கள். ஒரு மாணவனின் பையில் கத்தி இருந்ததாக மேலிடத்துக்கு எழுதினால், முதலில் வரும் கேள்வி “உங்கள் பள்ளியில் கத்தி எப்படி வந்தது?” என்பதுதான். அடுத்து விளக்கம் கேட்டுக் கடிதம். நாளிதழில் செய்தி வந்துவிட்டால் ஒழுங்கு விதி 17(பி)யின்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை. எழுதாமல் விட்டால்? ஒன்றும் நடக்காதிருக்கவே வாய்ப்பு அதிகம். நடந்தால்தான் பணியிடை நீக்கம். ஓய்வு பெற மூன்றாண்டு இருக்கும் ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தனியார் பள்ளிக்கு வேறு கணக்கு. மே, ஜூன் மாத அட்மிஷனுக்கு முன் பள்ளியின் பெயர் அடிபட்டால் வருமானம் போகும். ஆகவே டி.சி. என்னும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். தொடக்கக் கல்வி முடியும் வரை மாணவரை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடுக்கிறது; எட்டாம் வகுப்புக்குப் பிறகு அந்தத் தடையும் இல்லை. நடத்தை “நன்று” என்று எழுதிய சான்றிதழோடு அந்தப் பையன் அடுத்த பள்ளிக்குப் போகிறான். கத்தி பிடிபட்டது அந்தப் பள்ளிக்குத் தெரியாது. அவன் ஏன் கத்தி எடுத்தான், யாருக்குப் பயந்து எடுத்தான், அவனை யாராவது அடித்துக்கொண்டிருந்தார்களா என்ற கேள்விகளும் பழைய பள்ளியிலேயே நின்றுவிடுகின்றன. பள்ளி மட்டும் நிம்மதி அடைகிறது. பார்க்கப்போனால் நமது பள்ளிகளின் பாதுகாப்புக் கொள்கையே இதுதான்: பிரச்சினையைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது.

எனவே சட்டத்தின் முதல் வரியே, உரிய நேரத்தில் தகவல் தந்த பள்ளியின் மீதோ ஆசிரியர் மீதோ அத்தகவலை ஆதாரமாகக் கொண்டு துறை நடவடிக்கை கூடாது என்பதாக இருக்க வேண்டும். மறைத்ததற்கு மட்டுமே தண்டனை. எதைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் குறுக்கி எழுத வேண்டும். இடைவேளையில் நடக்கும் கைகலப்பு, “உன்னைக் கொன்னுடுவேன்” என்று விளையாட்டில் கத்துவது இவையெல்லாம் ஆசிரியரே தீர்க்க வேண்டியவை, தீர்த்தும் வந்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு எதிராக நோக்கமும் வழியும் தெரியும்படியான மிரட்டல், பள்ளிக்கு ஆயுதம் கொண்டுவருதல், தொடங்கவிருந்த தாக்குதல் தடுக்கப்பட்டது, ஒரு மாணவரைக் குழுவாகத் தொடர்ந்து அச்சுறுத்துவது என்ற வரம்புக்குள் வருபவை போதும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டியூவி கார்னெல் 2001இலிருந்து வளர்த்தெடுத்த முறை, கோபத்தில் வந்து போகும் மிரட்டலையும் தங்கி நிற்கும் மிரட்டலையும் பிரித்துப் பார்க்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. முதல் வகையில் மன்னிப்பும் சமாதானமும் போதும், இரண்டாம் வகையில்தான் அடுத்த கட்டம். 2013இல் வர்ஜீனியா மாநிலம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இத்தகைய குழுவைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. இந்தப் பிரிப்பைத் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே மனதுக்குள் செய்துகொண்டுதான் இருக்கிறார். அதைத் தாளில் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான். மிரட்டல் பள்ளிக்கு வெளியே நடக்கப்போவதைப் பற்றியதாக இருந்தாலும் கடமை பொருந்த வேண்டும். நாங்குநேரியில் வீடு, ஸ்ரீவைகுண்டத்தில் பேருந்து. பகை வளர்வது ஓரிடம், வெடிப்பது வேறிடம். மணியடித்ததும் எங்கள் பொறுப்பு முடிந்தது என்று சொல்ல விடக் கூடாது.

யாரிடம் தெரிவிப்பது என்பதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள்கூட இக்கோரிக்கையை எதிர்க்கிறார்கள். பதினான்கு வயதுப் பையனைக் காவல் நிலையத்தில் நிறுத்தப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 1990களில் பரவிய, சிறு மீறலுக்கும் கடும் தண்டனை தரும் ‘சகிப்பே இல்லை’ என்ற கொள்கை என்ன செய்தது என்று நாம் பார்த்திருக்கிறோம். 2015இல் டெக்சாஸில், வீட்டில் செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்த பதினான்கு வயது முஸ்லிம் மாணவர் கைவிலங்கோடு அழைத்துச் செல்லப்பட்டார். அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கொள்கை பள்ளிகளைப் பாதுகாப்பானவையாக ஆக்கியதற்குச் சான்று இல்லை என்றது. ஆகவே உடனடி உயிராபத்து இருந்தால் ஒழிய, முதல் தகவல் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், அதன் வழியே தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவுக்கும் போக வேண்டும். காவல் துறையை அழைக்க வேண்டி வந்தாலும் வழக்குதான் ஒரே வழி என்பதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த மத்திய மாதிரி விதிகள், கொடுங்குற்றமோ பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததோ அல்லாத இடங்களில் சிறுவர் மீது முதல் தகவல் அறிக்கை பதியாமல், நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கை தயாரிக்கச் சொல்கின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்கிறது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 74ஆவது பிரிவு தடுக்கிறது. இந்தக் கட்டமைப்பு ஏட்டில் அழகாகவே இருக்கிறது. அந்தப் பையனின் பெயர் உள்ள தாள் பூட்டிய கோப்பில் இருந்து, அவன் பள்ளியை முடித்ததும் அழிக்கப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்த்துவிட்டால், ஊர் வாயில் விழுந்த டி.சி.யைவிட அது அவனுக்கு நல்லதே செய்யும்.

இதைவிடக் கனமான மறுப்பு சாதியைப் பற்றியது. தலைமையாசிரியரிடமே அதிகாரத்தைக் கொடுத்தால், ஆதிக்கச் சாதிப் பையன் மிரட்டினால் “வயசுக் கோளாறு” என்றும், திருப்பிப் பேசிய தலித் பையன் மிரட்டினால் “ரவுடித்தனம்” என்றும் எழுதுவார். ஏழைப் பிள்ளைகளும் பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளும்தான் பதிவேட்டில் நிரம்புவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பாகுபாடு இன்றும் நடக்கிறது, தாளில்லாமல் நடக்கிறது. யாருக்கு டி.சி. கிடைத்தது, யாருக்குச் சமாதானம் கிடைத்தது என்று இன்று எண்ணவே முடியாது. எழுதப்பட்டால் ஆண்டுக்கு ஒருமுறை சமூக வாரியாகப் பிரித்துப் பார்க்க முடியும், கோணலை நீதிமன்றத்தில்கூடக் காட்ட முடியும். சந்துரு குழு, ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் நியமிக்கக் கூடாது என்று சொன்னதன் காரணமும் இதுதான். அதோடு, தகவல் தரும் வழி தலைமையாசிரியர் மேசை வழியாக மட்டும் இருக்கக் கூடாது. வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், விடுதிக் காப்பாளர், மாணவர் யாராயினும் நேரே சொல்ல முடிய வேண்டும். 14417, 1098 ஆகிய உதவி எண்களைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டிகளும் வைத்தோம். பாலியல் தொல்லையைப் பற்றிச் சொல்ல அவை என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது. “அவன் அரிவாள் வச்சிருக்கான்” என்று சொல்லவும் அவை என்பதைச் சொல்லித்தர வேண்டும். சொன்னவன் யாரென்று வெளியே தெரியாது என்ற நம்பிக்கையும் வேண்டும். காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டம் ஒரு மாணவனுக்கு எவ்வளவு பாரம் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

வேலைச் சுமை என்ற மறுப்பில் நியாயம் இருந்தாலும் எடை குறைவு. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றியே ஆசிரியர்களின் காலம் கழிகிறது என்ற சலிப்பு உண்மை. கேட்பது ஒரு பக்கத் தாள். அதுவும் வரம்புக்குள் வரும் சம்பவம் நடந்தால் மட்டும். விலையில்லா மிதிவண்டிக் கணக்குக்கு ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது.

உண்மையில் என்னைத் தயங்க வைக்கும் மறுப்பு ஒன்றே ஒன்றுதான். தகவல் போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகும்? இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் 2024 ஜூலையில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்ற பதினேழு வயது இளைஞனைப் பற்றி, தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு 2019 முதல் 2021 வரை மூன்று முறை தகவல் போயிருந்தது. பள்ளிக்குக் கத்தி கொண்டுசென்றதற்காக அவன் வெளியேற்றப்பட்டிருந்தான். தகவலுக்குக் குறைவில்லை; ஆளாளுக்கு ஒரு துண்டை வைத்திருந்தார்கள், முழுவதையும் சேர்த்துப் பார்த்துப் பொறுப்பேற்றவர் யாருமில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாளில், காலையிலேயே ஆசிரியை ஒருவர் அந்த மாணவன் வரைந்த துப்பாக்கிப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆலோசகர் பேசினார், பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள், அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. பள்ளி நிர்வாகம் பையைத் திறந்து பார்க்காமல் அவனை வகுப்புக்கு அனுப்பியது. துப்பாக்கி அதற்குள் இருந்தது. தகவல் சொல்லும் கடமை ஒருபக்கம் மட்டும் இருந்தால் இதுதான் நேரும். பெறுபவருக்கும் சமமான கடமையை அதே சட்டம் விதிக்க வேண்டும்: தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் மிரட்டப்பட்டவரையும் மிரட்டியவரையும் ஒருவர் நேரில் பார்த்திருக்க வேண்டும், மிரட்டப்பட்டவரின் பெற்றோருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும், என்ன முடிவு எடுத்தோம் என்று கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்து போட்டவரின் பெயர் இருந்தால்தான் பொறுப்பு இருக்கும்.

இங்கேதான் துறையூர் போன்ற ஊர்களின் நிலை கவலை தருகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருப்பது திருச்சியில், சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி. காலையில் துறையூரில் வந்த மிரட்டலுக்கு அங்கிருந்து ஒருவர் கிளம்பி வருவதற்குள் மாலை மணி அடித்துவிடும். உப்பிலியபுரத்துக்கும் அதற்கப்பால் மலைக்கும் போக வேண்டுமென்றால் மறுநாள்தான். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரை வட்டாரத்துக்கு ஒருவராவது நிரந்தரமாக வைக்காமல் இந்தச் சட்டம் வேலை செய்யாது. நடமாடும் வண்டியில் பருவத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஆலோசனையால் ஆகிற காரியமல்ல இது. சந்துரு குழு சொன்ன பள்ளி நல அலுவலரை ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் முதலில் நியமித்து, அவரையே சுற்றியுள்ள சிறு பள்ளிகளுக்கும் பொறுப்பாக்கலாம். பணம் ஆகும். பணமில்லாமல் இதைச் செய்யலாம் என்று சொல்பவர்கள் செய்யப் போவதில்லை என்று பொருள். நல அலுவலரும் ஆலோசகரும் வருவதற்கு முன்பே தகவல் கடமையை மட்டும் விதித்துவிடுவது, தாள்கள் குவியும் இன்னொரு அறையைக் கட்டுவதில் முடியும். அப்படிச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். முதலில் ஆள், பிறகு படிவம் என்ற வரிசை மாறக் கூடாது.

கிடைக்கும் எண்ணிக்கையை என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். பள்ளிவாரியாக வெளியிட்டால் அடுத்த ஆண்டே எல்லாப் பள்ளியும் பூஜ்யம் காட்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் படும் பாடு தெரியாதவர்கள் யார்? மாவட்ட அளவில், பெயரில்லாமல், எத்தனை மிரட்டல், எத்தனை ஆயுதம், எத்தனை தடுக்கப்பட்டன, எத்தனை மணி நேரத்துக்குள் யாராவது நேரில் போனார்கள் என்று ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைத்தால் போதும். முதல் சில ஆண்டுகளில் எண் உயரும். உயர வேண்டும். இதுவரை புதைந்திருந்தவை மேலே வருவதன் அடையாளம் அது. அதைப் பார்த்து “இந்த ஆட்சியில் பள்ளிகள் சீரழிந்துவிட்டன” என்று எதிர்க்கட்சி முழங்கும், ஆளுங்கட்சி அதிகாரிகளை விரட்டும். இரண்டுமே கெடுதல். நான்கு மிரட்டல்களைத் தெரிவித்து நான்கையும் தீர்த்த பள்ளியை, ஒன்றும் தெரிவிக்காத ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியைவிட நம்பலாம் என்பதைப் பெற்றோருக்கும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் இருக்கின்றன. சுற்றுச்சுவரும் கழிப்பறையும் போக இதற்கும் அங்கே கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு எழுந்திருக்கிறது. அது எழுதப்படும்போது, மிரட்டலையும் தடுக்கப்பட்ட வன்முறையையும் தெரிவிக்கும் கடமை, தெரிவித்தவருக்குப் பாதுகாப்பு, தகவல் பெற்றவர் 24 மணி நேரத்தில் செயல்படும் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே அத்தியாயமாக அதில் சேர்க்க வேண்டும் என்று சட்டப்பேரவை உறுப்பினர்கள் கேட்க வேண்டும். துறையூர், முசிறி, தொட்டியம் பகுதித் தலைமையாசிரியர்கள் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டிலேயே பள்ளியில் ஒரு பதிவேட்டைத் திறந்து, வகுப்பாசிரியரும் பெற்றோர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்திட, வந்த மிரட்டலையும் எடுத்த நடவடிக்கையையும் தேதியோடு எழுதத் தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.